சங்கிலிக் குழாய்

ஆயுத பூஜையன்று எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கார்கள் எல்லாம் குளித்து முழுகி மாலையோடு நிற்கும். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் தன் காருக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டு, டிக்கியைத் திறந்து டூல்ஸ் பையை எடுத்து முன்னால் வைத்தார். கம்பெனி ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. உறையின் மேலேயே சந்தனம், குங்குமம். உள்ளே ஜாக்கியும் வீல் ஸ்பானரும் புத்தம் புதிதாக மின்னின.

"பிரிச்சே பாக்கலையா சார்?"

"எதுக்கு சார்? பஞ்சர்னா ஒரு போன் போட்டா ஆள் வந்துடுறான்."

நியாயம்தான். அவர் கற்பூரம் காட்டினார். எனக்கு மூக்கில் ஏறியது என்னவோ பழைய கிரீஸ் வாசனை.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, புதாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் ஜூன் 12-ம் தேதி தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னாலும் எங்கள் வாய்க்கால் நனைவதற்கு இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில் பெரியப்பா கூலி உழவுக்கு மன்னார்குடிப் பக்கம் டிராக்டரை அனுப்புவார். சிவப்பு மேஸி 1035. சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டி. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் டிராக்டர் என்றாலே சிவப்புத்தான். பெரியப்பா அதைப் புதிதாக வாங்கவில்லை, ஒரத்தநாட்டுப் பக்கம் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினார். வண்டியோடு வந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குளவிக்கூடு இருந்தது. வேறொன்றும் இல்லை.

இருந்திருந்தாலும் போதாது. இரண்டு ஸ்பானரும் ஒரு திருப்புளியும் வைத்தால் நிறைந்துவிடும் பெட்டி அது. உழவுக்குப் போகிற டிராக்டருக்கு வேண்டியது ஒரு சின்னப் பட்டறை. கலப்பையை மாட்டுகிற பின்கள், அந்தப் பின் கழன்றுவிடாமல் காக்கிற லிஞ்ச் பின்கள், கொத்து போல்ட் அறுந்தால் மாற்று போல்ட், கிரீஸ் கன், சுத்தியல், டீசல் பில்டர் கழற்ற ஒரு ஸ்பானர், ஏர் பிடித்தால் கழற்ற இன்னொன்று. சேற்றுழவு என்றால் கேஜ் வீல் மாட்ட ஒரு கடப்பாரை. எல்லாவற்றுக்கும் மேலாகச் சங்கிலி. மன்னார்குடிக் களிமண்ணில் டிராக்டர் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் இன்னொரு டிராக்டரும் ஒரு நல்ல சங்கிலியும் இல்லாமல் எழுந்திருக்காது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழேதான் போகும்.

இந்தச் சாமான்களை எங்கே வைப்பது என்பதுதான் பெரியப்பாவின் பல வருஷத்துக் கவலை. யோசித்துப் பார்த்தால் அது அவருக்கு முன்பே தொடங்கிய கவலை. தாத்தாவின் கட்டை வண்டியில் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மை அதில் இருக்கும். தார்க்குச்சிக்கு ஓர் இடம், மாற்றுக் கடையாணிக்கு ஓர் இடம், மாட்டுக்குத் தவிட்டு வாளி தொங்க ஒரு கொக்கி. நடு ராத்திரியில் திருவோணம் சந்தையிலிருந்து திரும்பும்போதும் தாத்தா விளக்கில்லாமல் எதையும் எடுப்பாராம். மாடுகளை விற்றபோது வண்டியும் போனது. அந்த மூங்கில் குழாயை மட்டும் பெரியம்மா அடுப்பூத வைத்துக்கொண்டார். எத்தனை கழுவியும் அதில் விளக்கெண்ணெய் வாசம் போகவில்லை என்பது தனிக் கதை.

டிராக்டரில் பெரியப்பா முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். காலியான ஆயில் கேனின் வயிற்றைக் கிழித்து மட்கார்டுக்கு உள்பக்கம் கம்பியால் கட்டினார். ஸ்பானரும் பின்னும் அதில் கிடந்தன. மழை பெய்தால் கேனில் தண்ணீர் நின்றது, ஸ்பானர் துருவேறியது. மேட்டில் ஏறி இறங்கினால் உள்ளே இருந்தது வெளியே குதித்தது.

அப்படிக் குதித்ததில் ஒன்று டாப் லிங்க்கின் பின். சேறு கலக்கிய வயலில், பொழுது சாயும் நேரத்தில். பெரியப்பா, டிரைவர் அண்ணன், வயல்காரர், நான், இன்னும் இரண்டு பேர் வரிசையாகக் குனிந்து விரலால் துழாவிக்கொண்டே போனோம். நத்தை கிடைத்தது. யாரோ எப்போதோ தொலைத்த கருக்கரிவாள் கிடைத்தது. பின் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக மாட்டிய சாதாரண போல்ட் மறுநாள் காலையில் வளைந்து, கலப்பை ஒரு பக்கமாகத் தொங்கிற்று. பெரியப்பா அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார். நானும் கூடவே போனேன். பள்ளிக்கூடம் இருந்த நாள்தான், யாரும் கேட்கவில்லை.

பட்டறை என்பது கடைத்தெருவின் கடைசியில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை. ஆசாரியின் அப்பா காலத்தில் துருத்தியும் உலையும். ஏர்க்கொழு, மண்வெட்டி, வண்டிப் பட்டை. ஆசாரி காலத்தில் வெல்டிங் மெஷின் வந்திருந்தது. ஆனாலும் உலைக்குழியை அவர் மூடவில்லை. மூலையில் பழைய இரும்பு ஒரு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். லாரி ஸ்பிரிங் பட்டை, சைக்கிள் போர்க், மாட்டு லாடத் தகடுகள், போர்வெல்லிலிருந்து உருவிய கேசிங் பைப் துண்டுகள். புதிதாக எதையும் வாங்காமல் அந்தக் குவியலைப் பார்த்தே யோசிப்பது அவர் வழக்கம்.

"சங்கிலிய இப்ப எங்க வச்சிருக்கீக?"

"சீட்டுக்குப் பின்னாடி சுத்திக் கெடக்கு."

"எடுக்கும்போது?"

"சிக்கிக்கிட்டுத்தான் வரும்."

ஆசாரி ஒரு கேசிங் பைப் துண்டைக் காலால் உருட்டினார். ஆறங்குலம் வாய், ஒன்றரை அடி நீளம். நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் கிடந்த ஒரு சங்கிலியின் நுனியை உள்ளே விட்டார். கையை விட்டதும் அது தானாகவே சரசரவென்று இறங்கி அடியில் குவிந்தது. மேல் கண்ணியைப் பிடித்து இழுத்தார். ஒரு சிக்கல் இல்லை, வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது ஒரு மாயவித்தை. மறுபடி மறுபடி செய்யச் சொன்னேன், செய்தார்.

பிறகு அவர் செய்த நுணுக்கங்கள்தான் விசேஷம். அடிப்பக்கத்தைத் தகடு வைத்து மூடாமல் கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டினார். சங்கிலியோடு வருகிற சேறு காய்ந்து உதிர்ந்து கீழே போய்விடும், மழைத் தண்ணீரும் நிற்காது. வாயின் விளிம்பில் ஓர் உருண்டைக் கம்பியை வளைத்துச் சுற்றி ஒட்டினார். கண்ணி விளிம்பில் மாட்டாது, கையையும் கிழிக்காது. வெளிப்பக்கம் ஒரு லாடத் தகட்டை வளைத்துக் கொக்கியாக்கினார். சங்கிலியின் கடைசிக் கண்ணி அதில் மாட்டியிருக்கும். இருட்டில் தேட வேண்டாம். சத்தம் போடாமலிருக்க உள்ளே பழைய டியூப் ரப்பரை வட்டமாக ஒட்டலாம் என்று பெரியப்பா சொன்னார். ஆசாரி ஒத்துக்கொள்ளவில்லை. "சத்தம் இருக்கட்டும். சத்தம் நின்னா சங்கிலி இல்லேன்னு தெரியும்ல?"

எங்கே மாட்டுவது என்பதில் இரண்டு பேருக்கும் பெரிய விவாதம். பெரியப்பா பின்னால் என்றார், இழுக்கிற இடம் அதுதானே. ஆசாரி முன் பம்பர் என்றார். பத்து மில்லி சங்கிலி மீட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் வரும். ஆறு மீட்டர் சங்கிலி, பைப், கடப்பாரை எல்லாம் சேர்ந்தால் முன்பக்கம் நல்ல பாரம். பின்னால் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது. அதற்குத்தான் கம்பெனியே இரும்புப் பாளங்களை முன்னால் மாட்டித் தருகிறது. சும்மா சுமக்கிற பாரத்துக்குப் பதில் உபயோகமான பாரமாக இருக்கட்டுமே என்றார் ஆசாரி. பெரியப்பா ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. வண்டியில் நேராக வெல்டிங் வைக்கக் கூடாது. பட்டறையில் வெல்டிங் வைத்தபோது பேட்டரி ஒயரைக் கழற்றாமல் விட்டு ஆல்டர்னேட்டரைத் தீய்த்துக்கொண்ட ஒருவரை அவருக்குத் தெரியும். எனவே பைப்பில் ஒரு தகடு, தகட்டில் நாலு ஓட்டை, யூ போல்ட் போட்டு பம்பரோடு முடுக்கு. வேண்டாம் என்றால் கழற்றிக்கொள்ளலாம்.

அடுத்து வந்தது பெட்டி. பழைய டீசல் டிரம்மின் தகட்டை வெட்டி, சீட்டுக்குப் பின்னால் அடங்குகிற மாதிரி. மூடியின் கீலுக்கு டயர் பட்டை. இரும்புக் கீல் சேற்றில் இறுகிவிடும், ரப்பர் இறுகாது. அடியில் முதலில் சாக்கு விரித்தார்கள். ஈரம் குடித்து எல்லாம் துருப்பிடித்தது. பிறகு அரிசி ஆலையில் தேய்ந்துபோன பெல்ட் துண்டை வெட்டிப் போட்டார்கள், அது நிலைத்தது. லிஞ்ச் பின்கள் ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளச் சைக்கிள் செயினால் அதனதன் இடத்திலேயே கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தப் பின்னும் சேற்றில் விழவில்லை என்று சொல்ல ஆசைதான். விழுந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வருஷம் போகப் போக டிராக்டரைச் சுற்றிலும் ஏதாவது முளைத்துக்கொண்டே இருந்தது. மண்வெட்டிக்கு ஒரு குழாய், கடப்பாரைக்கு ஒரு குழாய். ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் தாளும் வைக்க, இரண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி பைப். கிரீஸுக்கு ஒரு டால்டா டப்பா. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தொலைந்துபோன ஒரு பொருளோ கெட்டுப்போன ஒரு நாளோ இருந்தது. பெரியப்பாவுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். மண்வெட்டிக் குழாய் என்றால் வடசேரி வாய்க்கால் உடைப்பு. பிவிசி பைப் என்றால் செக்போஸ்டில் நனைந்த ஆர்.சி. புத்தகத்தைப் பிரிக்கப் பார்த்து இரண்டாகக் கிழிந்த கதை.

டிரைவர் அண்ணன் பங்குக்கு ஒன்றே ஒன்று செய்துகொண்டார். வலது மட்கார்டின் ஓரத்தில் ஒரு கொக்கி, பழைய சோற்றுத் தூக்குச்சட்டி தொங்க. எஞ்சின் சூடு படாத, புழுதி குறைவாக விழுகிற, நிழல் அதிக நேரம் நிற்கிற இடம். அதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு சீசன் முழுக்கச் சட்டியை இடம் மாற்றிப் பார்த்தார். ஆசாரி செய்த எதையும்விட நன்றாக யோசித்துச் செய்தது அந்தக் கொக்கிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சங்கிலிக்கென்று பெரியப்பாவிடம் சில கறாரான சட்டங்கள் உண்டு. இழுக்கும்போது அச்சுக்குக் கீழே, டிராபாரில்தான் மாட்ட வேண்டும். அவசரத்துக்கு மேலே டாப் லிங்க் இடத்தில் மாட்டினால் பாரம் நகராது. டிராக்டரே முன்சக்கரம் தூக்கி, ஓட்டுகிறவர் மேல் மல்லாந்துவிடும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சாவு நடந்திருந்தது. அந்த வீட்டு வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் பெரியப்பா அந்தச் சட்டத்தை மறுபடி ஒருமுறை சொல்வார். இழுவையில் இருக்கிற சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட வேண்டும், அறுந்தால் துள்ளாது. யாரும் அதைத் தாண்டக் கூடாது. வேலை முடிந்ததும் வாய்க்காலில் அலசி, கழிவு ஆயில் ஒரு கை தடவித்தான் குழாயில் இறக்க வேண்டும்.

இத்தனை சட்டம் போட்டவர் சங்கிலியை இரவல் கொடுப்பதில் மட்டும் இளகிய மனசுக்காரர். சீமைக்கருவேல வேர் பிடுங்க, கிணற்றில் விழுந்த மோட்டாரைத் தூக்க, லாரி இழுக்க, யார் வந்து கேட்டாலும் போகும். திரும்பி வருவதுதான் பிரச்சினை. பெட்டி மூடியின் உள்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்து, வாங்கிப் போனவர் பேரைச் சாக்பீஸால் எழுதினார். சங்கிலி வந்ததும் அழிப்பார். மழை அழித்ததும் உண்டு. அப்படி அழிந்த ஒரு பேரை வைத்துக்கொண்டு இரண்டு வீடுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயின. அதில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பெரியப்பா போய் நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. சங்கிலி அப்போது மூன்றாவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் கிடந்தது.

ஆயுத பூஜை அன்றுதான் பெட்டி முழுசாகக் காலியாகும். டீசலில் முக்கித் துடைத்து, சாணம் மெழுகிய வாசலில் சாமான்களை அளவு வாரியாகப் பரப்புவோம். பசங்களுக்கு அதில் ஒரு போட்டி: யார் வீட்டு ஸ்பானர் யார் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பிடியில் சிவப்பு பெயின்ட் என்றால் எங்களுடையது, பச்சை என்றால் மேலத்தெரு. அன்றைக்கு மட்டும் யாரும் கோபிக்காமல் வாங்கிக்கொள்வார்கள், கையில் ஒரு பொட்டலம் பொரிகடலையோடு. மாட்டுப் பொங்கலுக்கும் டிராக்டருக்கு ஒரு மாலை உண்டு. ஆனால் பெரியம்மா அதற்குத் தண்ணீர் தெளிக்கமாட்டார். "அதுக்கு என்ன தெரியும்" என்று போய்விடுவார். கடைசி மாடு போகிற வரைக்கும் டிராக்டர் அவருக்கு மாடுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட ஒரு சாமான்தான்.

பிறகு நான் வேலைக்கு வந்த ஊரில் ஒரு பழைய புத்தகத்தில் ஹாரி பெர்குசனைப் பற்றிப் படித்தேன். கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளியில் பிடித்து, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிற அமைப்பை உலகத்துக்குக் கொடுத்த அயர்லாந்துக்காரர். மேஸி பெர்குசனில் இரண்டாவது பாதி அவர் பேர்தான். 1946 முதல் பத்து வருஷம் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் அவருடைய சின்னச் சாம்பல் நிற டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. அதோடு ஒரு ஸ்பானர் தருவார்களாம். வயலில் வைத்துக் கழற்ற வேண்டிய நட்டுகள் எல்லாம் பெரும்பாலும் இரண்டே அளவு. அந்த ஸ்பானரின் இரண்டு முனையும் அந்த இரண்டு அளவு. அதன் முதுகில் அங்குலக் கோடுகள் போட்டிருக்கும், கலப்பையின் அளவைச் சரிபார்க்க வேறு கோல் வேண்டாம். ஊருக்குப் போனபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த ஆளு ஒரு தடவையாவது பின்னத் தொலைச்சிருக்கான்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் நிற்கவில்லை. பிள்ளை மாதிரி வளர்த்தது என்று சொல்வார்கள், அதை இங்கே மறுபடி சொல்வானேன். சாலை முழுக்கக் குறுக்கே மரம். கரண்டு இல்லை, போன் இல்லை. ஊரிலிருந்த டிராக்டர்காரர்களில் பாதிப் பேரிடம் கயிறுதான் இருந்தது. ஈர மரத்தில் கயிறு வழுக்கியது, இழுத்தால் அறுந்தது. பெரியப்பாவுக்கு அப்போது வயசாகிவிட்டது, வண்டியை என் அண்ணன்தான் ஓட்டினான். பம்பர் குழாயிலிருந்து சங்கிலி இறங்கியது. தண்டின் நுனிப்பக்கம் இரண்டு சுற்று, கொக்கியைத் திருப்பி மாட்டு, மெதுவாக எடு. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை, அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற பாதை. பெரியப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "கீழ மாட்டுறா, கீழ மாட்டு" என்று கத்திக்கொண்டே இருந்தார். விழுந்து கிடந்தது அவருடைய மரங்களுந்தான். அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

மேஸியை மாற்றிப் புது டிராக்டர் எடுத்தது அதற்குப் பிறகு. இப்போது வருகிற வண்டிகளில் பவர் ஸ்டியரிங், எண்ணெயில் முங்கிய பிரேக், ரொட்டவேட்டருக்கு ஏற்ற குதிரைச் சக்தி எல்லாம் இருக்கிறது. டூல்ஸ் பெட்டி மட்டும் ஏறக்குறைய அதே அளவு. மெக்கானிக் போன் போட்டால் பைக்கில் வருகிறான், ஸ்பானர் செட் அவன் பையிலேயே இருக்கிறது. பழைய வண்டிக்கு விலை போட வந்த ஆள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஒட்டு வேலையெல்லாம் எடுத்துடுங்க, லுக்கு கெடுது" என்றான். விலையில் கொஞ்சம் குறைக்கவும் பார்த்தான். அண்ணன் ஸ்பானரை எடுத்து யூ போல்ட்டுகளைக் கழற்றினான். அரை மணி நேரத்தில் குழாய், பெட்டி, கொக்கி எல்லாம் தனித்தனியாக வாசலில் கிடந்தன. பம்பரில் ஒரு வெல்டிங் தழும்புகூட இல்லை. விலை குறைக்க அவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

புது பம்பரின் அகலம் வேறு. ஓட்டைகள் ஒன்றரை அங்குலம் தள்ளிப் போயின. ஆசாரி இல்லை, அவர் மகன் அதே இடத்தில் தகரக் கூரை போட்டுக் கிரில் கேட் செய்கிறான். உலைக்குழி மேல் கட்டிங் மெஷின் நிற்கிறது. அவன் குழாயின் விளிம்பைத் தடவிப் பார்த்தான், அடிக் கம்பிகளைத் தட்டிப் பார்த்தான், "அப்பா வேலையா" என்றான். நீளமான ஒரு தகட்டில் எட்டு ஓட்டை போட்டு, பழசும் புதுசும் சேருகிற மாதிரி செய்து கொடுத்துப் பணத்தைப் போனிலேயே வாங்கிக்கொண்டான். அப்பா வேலை என்பதற்காக ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

சங்கிலி இப்போதும் இரவல் போகிறது. மூடியில் சாக்பீஸ் எழுத அண்ணனுக்குப் பொறுமை இல்லை. வாங்க வருகிறவரைச் சங்கிலியோடு நிற்க வைத்து போனில் ஒரு படம் எடுத்துவிடுகிறான். போன பொங்கலுக்கு அவன் மகளின் சடங்குப் படங்களைப் பார்க்க போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனேன். பட்டுப்பாவாடை, சீர்வரிசைத் தட்டு, மாமன் மாலை. நடுநடுவே ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு, போலீஸ் பிடித்து வைத்த ஆட்கள் மாதிரி நின்றார்கள். ஊராட்சித் தலைவர் மட்டும் கொஞ்சம் சிரித்திருந்தார்.

"அவரு இன்னும் தரலை" என்றான் அண்ணன்.